ஆங்கில வினையும் தமிழ் எச்சமும்

வாசிப்பதில் இன்புறுகின்றேன் என்னும் கருத்தை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்த மாணவன் 'ஐ என்ஜோய் டு ரீட்' என்று எழுதுகின்றான். ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிட்டு, 'ரீடிங்' எனத் திருத்துகின்றார். பாடம் கைவந்தது என்னும் துணிவோடு அடுத்த வரியில் அவன் 'ஐ ஹோப் பாஸிங்' என்று எழுதுகின்றான். அங்கும் ஒரு சிவப்புக் கோடு விழுகின்றது. முன்னையதில் 'டு' வந்தமை பிழை. பின்னையதில் 'டு' வாராமை பிழை. காரணம் யாது என அவன் வினவினால், 'அஃது ஆங்கில மரபு. பாடஞ் செய்துகொள்' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. வினைகளின் பட்டியல்கள் இரண்டு கரும்பலகையில் எழுதப்படுகின்றன. மாணவன் அவற்றை மனனஞ் செய்கின்றான். சோதனை முடிந்த மறுநாள் மறந்துவிடுகின்றான்.

இத்துணைச் சிறிய பிழைக்கு ஒரு விழா மலரிற் கட்டுரை வேண்டுமோ எனக் கேட்பாரும் உளர். பிழை சிறிதுதான், அதனால் விளையும் மனத்தளர்ச்சி பெரிது. காரணங் காட்டாது திருத்தப்படும் பிழை, 'இம்மொழிக்கு ஒழுங்கில்லை, இஃது எனக்கு வாராது' என்னும் எண்ணத்தை இளநெஞ்சிலே விதைத்துவிடுகின்றது. உயர்தரம் வரை தமிழிற் கற்று மருத்துவ பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் செல்லும் நம் மாணவர், அங்கே விரிவுரையை ஆங்கிலத்திற் கேட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுத வேண்டியவராகின்றனர். கணிதத்தில் முதல்வனாய் நின்றவன் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியஞ் சொல்ல வாய் திறவாது நிற்கும் காட்சி நமக்குப் புதிதன்று. அவனிடத்தில் அறிவுக் குறைவு இல்லை. பிழைபடுமோ என்னும் அச்சமே உண்டு. அவ்வச்சத்தின் வேரை நாடினால், காரணஞ் சொல்லப்படாத இத்தகைய சிவப்புக் கோடுகள் பலவற்றைக் காணலாம்.

ஆங்கில இலக்கணத்திலே தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்னும் வினாவும் எழும். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். மேற்காட்டிய இடர்ப்பாட்டைத் தீர்க்கும் கருவிகளிற் பெரும்பாலானவை தமிழ் இலக்கண வகுப்பிலேயே உள்ளன. அவற்றை எடுத்துக் கொடுப்பாரின்றி அவை துருப்பிடித்துக் கிடக்கின்றன என்பது என் துணிபு.

ஆங்கிலத்தில் ஒரு வினையை அடுத்து இன்னொரு வினை வருங்கால், அப்பின்வினை பெரும்பாலும் இரண்டு கோலங்களுள் ஒன்றைப் பூணும். 'இங்' ஈறு பெற்றுப் பெயர்த்தன்மை எய்தி நிற்பது ஒன்று. அதனை ஆங்கில இலக்கணகாரர் ஜெரன்ட் என்பர். 'டு' என்னுஞ் சொல்லை முன்னிட்டு நிற்பது மற்றொன்று. அது இன்ஃபினிட்டிவ் எனப்படும். முன்னையது நம்முடைய தொழிற்பெயருக்கு இனமானது. பின்னையது செயவென் வாய்பாட்டு எச்சத்துக்கு இனமானது. தமிழிலும் ஒரு வினை தனக்கு முன்னே எவ்வடிவத்தை ஏற்பது, எதனை மறுப்பது என்னும் வரையறை உண்டு. 'எழுதத் தொடங்கினான்' என்கின்றோம். 'எழுதி முடித்தான்' என்கின்றோம். 'எழுதுவதை நிறுத்தினான்' என்கின்றோம். 'எழுத முடித்தான்' என்று எவரேனும் சொன்னால் முதலாம் வகுப்புக் குழந்தையும் நகைக்கும். அக்குழந்தைக்குப் பட்டியல் கொடுத்தவர் யார்? ஒவ்வொரு வினையும் தன் துணையோடு சேர்ந்தே அதன் செவியிற் புகுந்தது. ஆகவே, வினை தன் துணையைத் தானே தெரிந்துகொள்ளுதல் ஆங்கிலத்தின் விநோதமன்று. மொழிகளுக்கு இயல்பான ஒரு பண்பு. இந்த ஒன்றை மாணவனுக்கு முதலில் உணர்த்தினாலே அவனுடைய அச்சத்தில் ஒரு பாதி நீங்கும்.

மற்றைப் பாதி நீங்குவதற்கு, இரு மொழிகளையும் அருகருகே வைத்துக் காட்டல் வேண்டும். விரும்பு, தீர்மானி, மறு, முயல், திட்டமிடு, தவறு என்னும் வினைகளை நோக்குக. செல்ல விரும்பினான், செல்லத் தீர்மானித்தான், செல்ல மறுத்தான், செல்ல முயன்றான், செல்லத் திட்டமிட்டான், செல்லத் தவறினான் என யாண்டும் செயவெனெச்சமே முன்னிற்கின்றது. இவற்றுக்கு நேரான வான்ட், டிசைட், ரிஃப்யூஸ், ட்ரை, ப்ளான், ஃபெயில் என்னும் ஆங்கில வினைகள் 'டு' என்பதனையே வேண்டி நிற்கின்றன. இனி, செல்வதைத் தவிர்த்தான், செல்வதை ஒத்திவைத்தான், செல்வதைக் கைவிட்டான், செல்வதைப் பற்றி ஆலோசித்தான் என்பவற்றை நோக்குக. இங்கே நிற்பது தொழிற்பெயர். இவற்றுக்கு நேரான அவொய்ட், போஸ்ட்போன், கிவ் அப், கொன்சிடர் என்பன 'இங்' ஈற்றையே ஏற்கின்றன.

செய்தென் வாய்பாட்டு எச்சம், அதாவது 'எழுதி', 'பாடி' என்பன போல வருவது, மாணவரை மிகவும் மயக்குவது. ஆங்கிலத்தில் அதற்கு நேரான வடிவம் இல்லாமையால், எதை இடுவது என்று அவர் தடுமாறுகின்றனர். ஆனால் இங்கும் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. வாசித்து மகிழ்ந்தான், எழுதி முடித்தான், பாடிப் பழகினான் என்பவற்றுக்கு நேராக வரும் என்ஜோய், ஃபினிஷ், ப்ரக்டிஸ் என்னும் மூன்றும் 'இங்' ஈற்றையே கொள்கின்றன. தமிழிற் 'செய்து' என்று வருமிடத்தே ஆங்கிலத்தில் 'இங்' வருமோ என முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஒரே வினை இரு கோலத்தையும் ஏற்றுப் பொருள் வேறுபடுமிடத்தே தமிழின் உதவி இன்னும் தெளிவாக விளங்கும். 'கதவைப் பூட்ட மறந்தான்' என்பதும் 'கதவைப் பூட்டியதை மறந்தான்' என்பதும் ஒன்றல்ல. முன்னவன் வீட்டிலே கதவு திறந்து கிடக்கின்றது. பின்னவன் வீட்டிலே கதவு பூட்டியிருக்கின்றது, அவன் மனந்தான் அலைகின்றது. 'ஃபோகெட் டு லொக்' என்பது முன்னது. 'ஃபோகெட் லொக்கிங்' என்பது பின்னது. 'பேசுவதை நிறுத்தினான்' என்றால் வாய் அடங்கிற்று. 'பேசுவதற்காக நின்றான்' என்றால் கால் நின்றது, வாய் திறந்தது. 'ஸ்டொப் டோக்கிங்', 'ஸ்டொப் டு டோக்' என்பவற்றின் வேறுபாடு இதுவே. 'யன்னலைத் திறக்க முயன்றான்' என்றவிடத்து யன்னல் இறுகியிருந்தது. 'யன்னலைத் திறந்து பார்த்தான்' என்றவிடத்து யன்னல் எளிதாகத் திறந்தது, காற்று வருமா என்பதே சோதனை. 'ட்ரை டு ஓப்பன்', 'ட்ரை ஓப்பனிங்' என ஆங்கிலமும் இங்ஙனமே பிரிக்கின்றது. 'அறிவிக்க வருந்துகின்றேன்' என்பவர் இனிமேற்றான் அறிவிக்கப் போகின்றார். 'அறிவித்ததற்கு வருந்துகின்றேன்' என்பவர் முன்னரே அறிவித்துவிட்டார். 'ரிக்ரெட்' என்னும் வினைக்கு முன்னையதில் 'டு'வும் பின்னையதில் 'இங்'கும் துணையாகும்.

சில இடங்களில் தமிழ் ஒரு சொல்லாலே நடத்துவதை ஆங்கிலம் இரு சொல்லாலே நடத்துகின்றது. 'திருட மறுத்தான்' எனின் அவன் நல்லவன்; 'திருடியதை மறுத்தான்' எனின் அவன் ஐயத்துக்குரியவன். மறுத்தல் ஒன்றே, எச்சமும் பெயருமே பொருளை வேறாக்குகின்றன. ஆங்கிலம் முன்னையதற்கு ரிஃப்யூஸ் என்றும் பின்னையதற்கு டினை என்றும் வேறு வினைகளை வைத்து, முன்னையதற்கு 'டு'வையும் பின்னையதற்கு 'இங்'கையும் கொடுத்தது. அவ்வாறே 'வருவதாக ஒப்புக்கொண்டான்' என்பதற்கு அக்ரீ என்னும் வினையும் 'டு'வும் உரியன. 'வந்ததாக ஒப்புக்கொண்டான்' என்பதற்கு அட்மிட் என்னும் வினையும் 'இங்'கும் உரியன. 'வருவது', 'வந்தது' எனக் காலங்காட்டி நிற்கும் வடிவங்கள் நம்மிடம் உள்ளமையால் இவ்வேறுபாடு நமக்குக் கண்கூடாகத் தெரிகின்றது. இனி நிகழ்வதை நோக்கி நிற்பது 'டு', நிகழ்ந்ததையோ நிகழ்வதாகக் கொண்டதையோ பற்றி நிற்பது 'இங்' என்று ஆங்கில இலக்கணகாரர் கூறும் பெரும்பான்மை விதியை, நம் மாணவன் தன் தாய்மொழியிலிருந்தே கண்டெடுத்துக்கொள்ளலாம்.

வேற்றுமை இலக்கணமும் இங்கே கைகொடுக்கும். வேற்றுமையுருபு பெயரோடன்றிச் சேராது என்பது நம் மாணவர் கீழ்வகுப்பிலேயே கற்பது. 'செய்தலை', 'செய்வதற்கு', 'செய்வதில்' என உருபு பெயரையே நாடும். 'செய்யவை', 'செய்யவில்' என எச்சத்தோடு உருபு சேர்வதில்லை. ஆங்கிலத்தில் உருபின் தொழிலைச் செய்யும் இன், ஒஃப், ஃபோர், அட் முதலிய முன்னிடைச்சொற்களின் பின்னே வினை வருமாயின், அது பெயராகி 'இங்' ஈறு பெற்றே வரும். விதி ஒன்றே; உருபு நமக்குப் பின்னிற்கின்றது, அவர்களுக்கு முன்னிற்கின்றது, அவ்வளவே. 'லுக் ஃபோவர்ட் டு' என்னுந் தொடரின் பின்னே 'மீட்' என எழுதுவதோ 'மீட்டிங்' என எழுதுவதோ எனக் கற்றோரும் மயங்குவர். அங்குள்ள 'டு' எச்சத்தின் அடையாளமன்று. உருபின் தொழில் செய்யும் இடைச்சொல். ஆகவே 'மீட்டிங்' என்பதே சரி. 'சந்திப்பதை எதிர்நோக்குகின்றேன்' என நாம் தொழிற்பெயர் இட்டே சொல்லுதல் காண்க.

ஒரே 'டு' இருவகைத் தொழில் செய்வது எங்ஙனம் என ஐயுறுவார்க்கு வரலாறு விடை தருகின்றது. பழைய ஆங்கிலத்திலே எச்சத்தின் முன் நின்ற 'டு'வும் அவ்விடைச்சொல்லே. அதன் பின் நின்ற வினைவடிவம் நம் நான்காம் வேற்றுமையை ஒத்த ஓர் ஈறு பெற்று நின்றது. காலப்போக்கில் ஈறு தேய்ந்தது. 'டு' எச்சத்தின் அடையாளமாய் எஞ்சிற்று. இதனை வாசிக்குந்தோறும் தொல்காப்பியர் நினைவுக்கு வருகின்றார். அவர் வினையெச்ச வாய்பாடுகளை ஒன்பதாகத் தொகுத்தபோது 'செயற்கு' என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். 'செயல்' என்னும் பெயரோடு 'கு' என்னும் உருபு சேர்ந்த வடிவம் எச்சமாய் நடத்தலை அவர் கண்டிருந்தார். நன்னூலார் எச்ச வாய்பாடுகளைப் பன்னிரண்டாகக் கூறி, வான், பான், பாக்கு என நோக்கப்பொருள் தரும் ஈறுகளையும் அவற்றுள் அடக்கினார். பேசுவதற்காக நின்றான் என்னும் பொருளில் வரும் 'டு டோக்' இவ்வினத்தைச் சேர்ந்ததே. இரு மொழிகளும் ஒரு குடும்பத்தன என்பது இதனாற் பெறப்படாது. மனிதர் தம் நோக்கத்தைச் சொல்லுதற்கு நாடிய வழிகள் தூரதேசங்களிலும் ஒத்திருந்தன என்பதே பெறப்படும்.

தமிழ் எல்லா இடத்தும் வழிகாட்டும் என்று நான் சாதிக்கவில்லை. 'செல்லலாம் என்று ஆலோசனை கூறினான்' என்பதற்கு நேரான சஜெஸ்ட் 'இங்' ஈற்றை வேண்டும். இதனைத் தமிழிலிருந்து உய்த்துணர்தல் இயலாது. 'உறங்குவதுபோல் நடித்தான்' என்னும் பொருளுடைய ப்ரிடென்ட் 'டு'வை வேண்டும். 'பரிசு பெறுவதை எதிர்பார்த்தான்' என்று நாம் தொழிற்பெயர் இட்டாலும் எக்ஸ்பெக்ட் 'டு'வையே கேட்கும். பிகின், கொன்டினியூ முதலியன இரண்டனையும் பொருள் வேறுபாடின்றி ஏற்கும். முன்னோக்கி நிற்பது 'டு' என்னும் விதியும் முழுமையானதன்று. தவிர்ப்பதும் ஒத்திவைப்பதும் வருங்காலச் செயலையே பற்றினும் 'இங்' ஈற்றையே கொள்கின்றன. எனினும், பட்டியல் முழுவதையும் மனனஞ் செய்வது வேறு. பெரும்பான்மையைக் காரணத்தோடு உணர்ந்து, சிறுபான்மையை மட்டும் மனனஞ் செய்வது வேறு. முன்னையது சுமை, பின்னையது கல்வி.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும், வகுப்பிலே தாய்மொழி நுழைந்தால் மாணவன் மனத்துள் மொழிபெயர்த்துக்கொண்டே பேசுவான் என்பது ஒரு சாரார் கொள்கை. ஆங்கிலம் வீட்டிலும் வீதியிலும் ஒலிக்கும் சூழலிலே அக்கொள்கை பயன்தரக்கூடும். கிழமையிற் சில பாடவேளைகள் மட்டுமே ஆங்கிலத்தைக் கேட்கும் மாணவனுக்குக் காரணமும் வேண்டும். அதனை அவன் நன்கறிந்த மொழியிற் சொல்வதே குறுக்கு வழி. நீந்தத் தெரிந்தபின் எவரும் கரையிலே கட்டையைப் பற்றிக்கொண்டு நிற்பதில்லை. கைத்தொலைபேசியே பிழை திருத்தித் தருகின்ற இந்நாளில் இம்முயற்சி எதற்கு என்பார்க்கும் ஒன்று சொல்வேன்: நேர்முகப் பரீட்சையிலும் நோயாளியின் கட்டிலருகிலும் நாவுக்கு அது துணைவராது.

தமிழை ஆழக் கற்றல் ஆங்கிலத்துக்குத் தடையாகும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே மறுப்பாக நிற்கின்றது. இலக்கணச் சுருக்கம் செய்த நல்லூர் ஆறுமுக நாவலர், வெஸ்லியன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராய் இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். ஏட்டிற் கிடந்த கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். சுவாமி விபுலாநந்தர் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகிப் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர்; 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். இவர்களுக்கு இரு மொழிகளும் ஒரே வீட்டின் இரு அறைகளாய் இருந்தன. நடுவே சுவர் எழுப்பியவர்கள் பின்வந்த நாமே.

அச்சுவரில் ஒரு வாயில் திறப்பதற்கு மூன்று வழிகளைக் கூற விரும்புகின்றேன். முதலாவது, ஆங்கில வினையைத் தனியே கற்பியாது அதன் துணையோடு சேர்த்துக் கற்பித்தல். மாணவன் தன் குறிப்புப் புத்தகத்தில் 'என்ஜோய்: மகிழ்' என எழுதாது, 'என்ஜோய் ரீடிங்: வாசித்து மகிழ்' என எழுதுவானாயின், சொல்லோடு இலக்கணமும் உடன்வந்து சேரும். யப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹோன்பி என்னும் ஆங்கிலேயர் இவ்வுண்மையைக் கண்டே, ஒவ்வொரு வினைக்கும் அது நடக்கும் வாக்கிய அமைப்பைக் குறியிட்டுக் காட்டும் அகராதியொன்றைத் துணைவரோடு தொகுத்து 1942 இல் தோக்கியோவில் வெளியிட்டார். பின்னர் 1948 இல் ஒக்ஸ்ஃபோர்ட் அச்சகம் அதனைத் தன் வெளியீடாக்கிற்று. அவ்வகராதியின் வழிவந்த பதிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. பொருள் மட்டும் கூறும் கையடக்க அகராதி இதற்கு ஈடாகாது.

இரண்டாவது, தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தவணைக்கு ஒருமுறையேனும் ஒன்றாக அமர்தல். எச்சமும் தொழிற்பெயரும் தமிழ் வகுப்பில் நடக்கும் கிழமையிலேயே இவ்வாங்கிலப் பாடமும் நடக்குமாயின் இரண்டும் ஒன்றுக்கொன்று வெளிச்சமாகும். இதனால் தமிழுக்கும் ஆக்கம் உண்டு. சோதனைக்கு மட்டும் உரியது என மாணவர் வெறுத்து ஒதுக்கும் வினையெச்ச வாய்பாடு, ஆங்கிலத்துக்கும் திறவுகோல் என்று கண்டால் அவர் அதனை விரும்பிக் கற்பர்.

மூன்றாவது, பழைய மாணவப் பெருமக்களுக்கு உரியது. விழாவின் நினைவாக வளைவும் மண்டபமும் எழுப்புதல் நன்றே. அவற்றோடு, ஒரு வகுப்பு முழுவதற்கும் போதுமான அளவில், வாக்கிய அமைப்பைக் காட்டும் ஆங்கில அகராதிகளையும் ஒரு நல்ல தமிழ் இலக்கண நூலையும் நம் நூலகத்துக்கு வழங்குவீர்களாயின், பிறநாடுகளில் ஆங்கிலத்தோடு நீங்கள் பட்ட பாட்டிற் சிறிதளவேனும் உங்கள் தம்பியர் படாது தப்புவர்.

தாய்மொழியின் இலக்கணத்தை உணர்ந்தவன் பிறமொழியின் வாயிலில் இரந்து நிற்க வேண்டியதில்லை. தன் கையிலுள்ள விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே புகலாம். அவ்விளக்கை ஏற்றிக் கொடுப்பது தமிழாசிரியர் கடன். அஃது அணையாமற் காப்பது கல்லூரியின் கடன். நம் கல்லூரி இரு கடன்களையும் இனிது ஆற்றி நீடு வாழ்க.